காயும்போதுதான் கிழியும்: பாடம் செய்யும் தோல்கள் பற்றி வாசகர் கேள்வி-பதில்

வளர்த்த ஆட்டையும் மாட்டையும் பாடம் செய்து (தோலைப் பதப்படுத்தி, உயிரோடு இருப்பது போன்ற உருவமாக்கி) வைக்க விரும்புகிறவர்கள், இந்த வேலையைப் பழகிக்கொண்டிருப்பவர்கள் என இரு தரப்பிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. பெரும்பாலானவை சேதமான தோலைப் பற்றியே கேட்பதால், இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பட்டிக்குள்ள நாய் பூந்து எங்க வெள்ளாட்டுக் கிடாயைக் குதறிப் போட்டுருச்சுங்க. கழுத்துலயும் தொடையிலயும் பத்துப் பன்னெண்டு ஓட்டை. தோலை உரிச்சு உப்புப் போட்டு வெச்சிருக்கேன். இதைப் பாடம் பண்ண முடியுங்களா? (வாசகர், சென்னிமலை)

முடியும். கடித்தது வெறிநாயாக இருக்குமோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும் தோலை ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். அந்தச் சந்தேகம் இல்லையென்றாலும் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும்.

ஓட்டைகளை எண்ணுவதை விட்டுவிட்டு அவற்றின் ஓரத்தைப் பாருங்கள். நாய்ப்பல் கத்தி மாதிரி வெட்டாது, நசுக்கிக் கிழிக்கும். ஓட்டை மிளகளவே இருந்தாலும் சதைப்பக்கம் திருப்பினால் சுற்றிலும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ரத்தம் கட்டிக் கறுத்திருக்கும். முதலில் அழுகுவதும் முடி கழல்வதும் அந்த வளையத்தில்தான். லிட்டருக்கு 50 கிராம் உப்புக் கரைத்த குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ரத்தத்தை மெதுவாக அலசி எடுங்கள். வெந்நீர் பட்டால் ரத்தம் தோலின் நாரோடு உறைந்து கறையாக நின்றுவிடும். வெள்ளை முடியில் கறை மிச்சமிருந்தால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் தொட்டு ஒற்றலாம். கருமுடிப் பக்கம் அது போகக் கூடாது, நிறம் வெளுத்துவிடும்.

அடுத்தது அமில ஊறல். ஒரு கிடாய்த் தோலுக்கு 10 லிட்டர் தண்ணீர், 1.2 கிலோ உப்பு, 250 கிராம் சிட்ரிக் ஆசிட். உப்பு முழுதும் கரைந்த பிறகே ஆசிட் போட வேண்டும். உப்பில்லாத அமிலத்தில் தோல் விழுந்தால் ஊறிய பணியாரம் போல உப்பி, நார்க்கட்டு விட்டுப்போகும். பிறகு எந்தத் தையலும் நிற்காது. புளிப்பின் அளவைக் காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள், 2 முதல் 2.5க்குள் இருக்க வேண்டும். நம் பக்கத்து போர்த் தண்ணீரில் இது முக்கியம். கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணச் சத்து அமிலத்தைத் தின்றுவிடும். காலையில் 2 காட்டிய ஊறல் மாலையில் 3ஐத் தாண்டியிருக்கலாம். 2.5ஐத் தாண்டினாலே 20 கிராம், 20 கிராமாக ஆசிட் சேர்த்துச் சரிக்கட்டுங்கள். மழைத்தண்ணீரோ சிறுவாணித் தண்ணீரோ கிடைத்தால் இந்தத் தொந்தரவு குறைவு. மூன்று நாள், தினம் இரண்டு முறை புரட்டிவிட வேண்டும். கலக்குவது பிளாஸ்டிக் வாளியில், அலுமினியத்தில் கூடாது.

ஊறலிலிருந்து எடுத்த தோலை, லிட்டருக்கு 4 கிராம் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் 20 நிமிடம் போட்டு அலசி, படிகாரக் கரைசலுக்கு மாற்றுங்கள். 4 லிட்டர் தண்ணீரில் 500 கிராம் படிகாரம். வேறொரு வாளியில் 2 லிட்டர் தண்ணீரில் 250 கிராம் உப்பும் 125 கிராம் பளிங்குச் சலவைச் சோடாவும். சாயப்பட்டறைக்கு வரும் சோடா ஆஷ் தூள்தான் கிடைக்கிறது என்றால் 45 கிராம் போதும், அதில் தண்ணீர்ச் சத்து இல்லை. சோடாக் கரைசலைப் படிகாரத்துக்குள் நூல் போல ஊற்றிக் கலக்குங்கள், நுரைக்கும். அவசரப்பட்டு ஊற்றினால் கரையாத வெள்ளைக் கசடு அடியில் தங்கும். அப்படி ஆனால் படிகாரத்தின் ஒரு பங்கு வீணாகிவிட்டது என்று அர்த்தம். ஆட்டுத்தோலுக்கு இதில் மூன்று நாள்.

இப்போது தையல். தோல் ஈரமாக இருக்கும்போதே, விலங்கின் வடிவில் செய்த ஃபோம் உருவத்தின் மேல் ஏற்றுவதற்கு முன்பே தைத்து முடித்துவிட வேண்டும். காயும்போது தோல் எல்லாத் திசையிலும் சுருங்கும், உள்ளே இருக்கும் ஃபோம் உருவம் சுருங்காது. அந்த இழுப்பு பலவீனமான இடத்தைத் தேடிப் பிடிக்கும். ஈரத்தில் கண்ணுக்கே தெரியாத பல்லோட்டை காய்ந்ததும் பட்டாணி அளவுக்கு விரிவது அதனால்தான். எனவே தோலை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்து, வெளிச்சம் ஒழுகும் புள்ளிகளை எல்லாம் சதைப்பக்கம் பேனாவால் வட்டமிடுங்கள். பத்து என்று நினைத்த ஓட்டை இருபதாகத் தெரியும்.

வட்ட ஓட்டையை அப்படியே இழுத்துத் தைத்தால் இரு முனையிலும் பை போலப் புடைக்கும். கறுத்த ஓரத்தைப் பிளேடால் 2, 3 மில்லிமீட்டர் சீவிவிட்டு, ஓட்டையைக் கண் வடிவமாக நீட்டுங்கள். நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு. அந்தக் கண், முடி படியும் திசையிலேயே நீள வேண்டும். பிளேடு சதைப்பக்கமிருந்து தோலை மட்டும் வெட்டட்டும், முடியில் படக் கூடாது. முடி வெட்டுப்பட்டால் அந்த இடம் கத்தரித்த புல் போலத் தனியே தெரியும்.

ஊசி மூன்று பட்டை வைத்த தோல் ஊசி, நூல் மெழுகு தேய்த்த நைலான். பருத்தி நூல் வேண்டாம், தோலில் மிஞ்சியிருக்கும் அமிலம் அதைச் சில வருடங்களில் தின்றுவிடும். ஓட்டை தொடங்குவதற்கு 5 மில்லிமீட்டர் முன்பே ஆரம்பித்து, முடிந்து 5 மில்லிமீட்டர் தள்ளி முடியுங்கள். ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே, 3 மில்லிமீட்டருக்கு ஒரு தையல். ஒவ்வொரு தையலையும் இறுக்கும் முன் ஊசி முனையால் மாட்டிய முடியை முடிப்பக்கம் தள்ளிவிடுங்கள். பொறுமை போவது இந்த இடத்தில்தான், பலன் தெரிவதும் இந்த இடத்தில்தான். கடைசியில் தையலைப் பலகை மேல் வைத்துச் சுத்தியல் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் மேடு அமுங்கும்.

இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே ஒரு செ.மீ.க்கும் குறைவாகத் தோல் இருந்தால் தனித்தனியே தைக்காதீர்கள். அந்தக் குறுகிய பாலம் அறுந்தே தீரும். இரண்டையும் ஒன்றாக்கி ஒரே தையலாக மூடுங்கள். கழுத்தில் நெருக்கமாகப் பல ஓட்டைகள் இருந்தால், தைத்த பிறகு சதைப்பக்கம் மெல்லிய மல் துணியை நெகிழும் பசையால் ஒட்டுங்கள். புதுத்துணி என்றால் கஞ்சி போகத் துவைத்த பிறகே. தறியில் ஓடப் பாவுக்கு ஏற்றிய கஞ்சியைத் தின்னப் பூச்சி வரும்.

கேள்வி: உரித்த மறுநாளே வயிற்றுப்பக்கம் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது. பசை போட்டு முடியைத் திரும்ப நிறுத்தலாமா? (வாசகர், பெருந்துறை)

கொட்டிய முடி திரும்ப ஒட்டாது. முடியைப் பிடித்திருக்கும் மேல்தோலைக் கிருமிகள் கரைத்துவிட்டன. மேல்தோலும் அடித்தோலும் ஒருமுறை பிரிந்தால் அவற்றைச் சேர்த்துவைக்கிற மருந்து கிடையாது. கொட்டப்போகிற முடியைக் காப்பாற்றுவது ஒன்றுதான் கையில் இருக்கிறது. இன்றே மேலே சொன்ன அமில ஊறலில் போடுங்கள், பி.எச். 2.5க்குக் கீழே கிருமிகள் பெருகாது. அதுவரை அந்த இடத்தை இழுத்துப் பார்ப்பதோ சீப்புப் போடுவதோ வேண்டாம்.

இது வருவதற்குக் காரணம் அநேகமாகச் சூடுதான். சித்திரை வெயிலில் உரித்த தோலை மடித்துச் சாக்கில் கட்டி இரண்டு மணி நேரம் வைத்தாலே போதும், மடிப்புக்குள் வெந்துவிடும். உரித்ததும் விரித்து ஆறவிட்டு, சதையையும் கொழுப்பையும் சுரண்டி, தோலின் எடைக்குச் சமமான உப்பைத் தேய்க்க வேண்டும். கல்லுப்பை அப்படியே கொட்டினால் காது மடல், உதடு, கண்ணிமை, தொடை இடுக்கு ஆகியவற்றின் மடிப்புக்குள் போகாது. பொடித்துப் போடுங்கள். சரிவாக விரித்து 24 மணி நேரம் நீர் வடிந்ததும், ஈர உப்பை உதறிவிட்டுப் புது உப்பு.

வழுக்கை இரண்டு விரல் அகலத்துக்குள் இருந்தால் கண் வடிவில் வெட்டி மூடிவிடலாம். வயிற்றுத்தோல் நன்றாக இழுபடும், வெளியே தெரியாது. அதைவிடப் பெரிதென்றால், வேறிடத்துத் தோலை வெட்டி வைத்துத் தைக்கும் ஒட்டுத்தோல்தான். அதன் முறை காங்கேயம் வாசகருக்கான பதிலில் வருகிறது.

கேள்வி: தகரக் கூரை மேல் காயப்போட்ட செம்மறித் தோல் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. ஊறவைத்தால் சரியாகுமா? (வாசகர், கொடுமுடி)

ஒரு சோதனை செய்யுங்கள். ஓரத்தில் இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, லிட்டருக்கு 100 கிராம் உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில் ஊறவிடுங்கள். சில மணி நேரத்தில் துணி போலத் துவண்டு, இழுத்தால் நீண்டு கொடுத்தால் தோல் உயிர் பிழைத்தது. முழுத்தோலையும் அதே கரைசலில் போட்டு, இளகியதும் தாமதிக்காமல் அமில ஊறலுக்கு மாற்றுங்கள். ராத்திரி முழுக்க வெறும் தண்ணீரில் கிடந்தால், காயும்போது தப்பிய முடி ஊறும்போது கொட்டும். வெயில் காலத்தில் உப்புத் தண்ணீரில் ஐஸ் பாட்டில் மிதக்கவிடுவது நல்லது.

துண்டு கெட்டியாகச் சுருண்டு, ஓரம் கண்ணாடி போல மினுங்கினால் தோல் வெந்துவிட்டது. ஈரத்தோல் 60 டிகிரியைத் தாண்டினாலே நார் சுருங்கிப் பசையாகத் தொடங்கும், மதிய வெயிலில் தகரம் அந்தச் சூட்டுக்கு வெகு சுலபமாகப் போகும். மஞ்சள் திட்டுகளாக இருந்து, மடித்தால் பிஸ்கட் போல உடைந்தால் அது கொழுப்பு எரித்த இடம். கொழுப்பைச் சுரண்டாமல் காயவைத்த செம்மறித் தோலிலும் நாய்த் தோலிலும் இதை அதிகம் பார்க்கலாம். இந்த இரண்டுக்கும் வைத்தியம் இல்லை. கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பகுதியை ஒட்டுத்தோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேச்சேரி ஆடாக இருந்தால் கட்டாயம் எடுத்து வையுங்கள். கம்பளி இல்லாத, நெருக்கமான நாருள்ள தோல் அது, தையல் நன்றாகப் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் மயிலைக் காளை வயதாகி இறந்தது. தலையை மட்டும் பாடம் செய்ய ஆசை. உரித்தவர் கத்தி தவறிக் கழுத்தில் ஒரு சாண் நீளம் கிழித்துவிட்டார். கன்னத்தில் உள்ளங்கை அளவுக்கு முடியும் இல்லை. (வாசகர், காங்கேயம்)

மற்ற வாசகர்களுக்காக ஒன்று. மாடு திடீரென்று விழுந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் வந்திருந்தால் கத்தியே வைக்காதீர்கள். அடைப்பான் நோயாக இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும். கால்நடை மருத்துவரை அழையுங்கள். வயதாகி இறந்த உங்கள் காளையில் அந்தக் கவலை இல்லை.

ஒரு சாண் கிழிசல் பார்க்கத்தான் பயமாக இருக்கும். நேர்வெட்டு என்பதால் தோல் எங்கும் குறையவில்லை, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்தால் தடமே தெரியாது. நடுவில் ஒரு தையல், இரு பாதிகளின் நடுவில் ஒவ்வொரு தையல் என முதலில் தளர்வாக நிறுத்திவிட்டு, பிறகு நெருக்கமாகத் தையுங்கள். ஒரு முனையிலிருந்தே தைத்துப்போனால் கடைசியில் ஒரு பக்கம் விரலளவு மிஞ்சும்.

ஊடுருவாத கத்திக் கீறல்கள் இதைவிட ஆபத்து. சதைப்பக்கம் தோலின் பாதி ஆழம் வரை போய் நிற்கும், முடிப்பக்கம் ஒன்றும் தெரியாது. காளைக் கழுத்துத் தோல் தடிப்பானது, ஊறலுக்குப் பின் அதை ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்குச் சீவியே ஆக வேண்டும். சீவும்போது இந்தக் கீறல்கள் திறந்துகொள்ளும். எனவே முன்னதாகவே கீறல்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் மேல் கத்தியைக் குறுக்காக ஓட்டாமல் நீளவாக்கில் ஓட்டுங்கள். ஆழமானவற்றைச் சீவி முடித்ததும் தைத்துவிடுங்கள்.

கன்னத்துக்கு ஒட்டுத்தோல் வேண்டும். தலை மட்டும்தான் என்பதால் மிச்ச உடம்புத்தோல் முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது, அதைப் பத்திரப்படுத்துங்கள். மயிலை என்று ஒரே பெயர் சொன்னாலும் நிறம் ஒன்றில்லை. திமிலும் கழுத்தும் கறுத்து, விலாவில் வெளுத்து, முகத்தில் இரண்டும் கலந்திருக்கும். முடி நீளமும் இடத்துக்கு இடம் மாறும். கன்னத்து முடியோடு அளவுகோலை ஒட்டி வைத்து நீளத்தைக் குறித்துக்கொண்டு, அதே நீளமும் நிறமும் உள்ள இடத்தைப் பகல் வெளிச்சத்தில் தேடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது முன்னங்காலின் உட்புறம். ஈர முடி ஒரு படி கறுப்பாகத் தெரியும் என்பதால், முடி உலர்ந்திருக்கும்போது ஒப்பிடுங்கள்.

கண்ணாடி பாலிதீன் தாளை வழுக்கையின் சதைப்பக்கம் விரித்து, வெட்டப்போகும் ஓரத்தையும் முடி படியும் திசைக்கு ஓர் அம்புக்குறியையும் வரையுங்கள். ஓரம் நேர்கோடாக வேண்டாம், அலை அலையாக இருக்கட்டும். நேர்கோட்டைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும். அதே தாளை ஒட்டுத்தோலின் சதைப்பக்கம் வைத்து, அம்பும் முடியும் ஒரே திசையில் வரும்படி திருகி, கோட்டுக்கு வெளியே 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். இரண்டும் சதைப்பக்கம்தான் என்பதால் தாளைக் கவிழ்க்கக் கூடாது. கவிழ்த்தால் வலது கன்னத்துக்கு இடது கன்னத் துண்டு வந்து சேரும்.

சுழி இருக்கும் இடத்தில் ஒட்டுப் போடாதீர்கள், சுழி உள்ள தோலை ஒட்டாகவும் எடுக்காதீர்கள். சுழியில் முடி வட்டமாகச் சுற்றுவதால் எந்த அம்புக்குறியும் பொருந்தாது. கண்ணபுரம் சந்தையில் சுழி பார்த்து மாடு பிடிக்கிற ஊர் இது. நெற்றிச் சுழி அரை அங்குலம் நகர்ந்தாலும், வீட்டுக்கு வருகிற முதல் ஆளே கேட்டுவிடுவார்.

ஏற்றிய பிறகு காயவிடுவதில் அவசரம் வேண்டாம். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மாதங்களில் தோல் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும், தையல் வாய் பிளக்கும். சன்னலைச் சாத்துங்கள், மின்விசிறி வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒரு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, தையலின் இருபுறமும் வைத்து ஒரு செ.மீ.க்கு ஒரு குண்டூசி குத்துங்கள். கண்ணிமை, உதடு, காது ஓரம் ஆகியவற்றின் மேல் ஈர மல் துணி போட்டு அவை கடைசியில் காயும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் காலையும் மாலையும் தையலை விரலால் தடவிப் பாருங்கள். விலகத் தொடங்கியிருந்தால், ஈரம் இருக்கும்வரை அழுத்திக் குண்டூசி போட்டுச் சரிசெய்யலாம். மூன்று வாரத்துக்கு முன் ஊசிகளைப் பிடுங்க வேண்டாம்.

கேள்வி: ஈரோட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவார்களே, அதையே பாடம் செய்யும் தோலுக்கும் போடலாமா? (மாணவி, ஈரோடு)

செருப்புக்கும் பைக்கும் அருமையான பதம் அது. ஆவாரம்பட்டைப் பதம் வெளிச்சத்தில் சிவக்கும், அதைத் தடுக்கவே கடைசியில் கடுக்காய் கொடுக்கிறார்கள். ஆனால் பட்டைச் சாறு நார்களுக்கு நடுவே நிறைந்து தோலைக் கனமாக்கிவிடும், இழுவை குறையும், வெளிர் முடியில் சாயமும் ஏறும். மூக்கு, கண்ணிமை போன்ற நுணுக்கமான இடங்களில் அந்தத் தோல் படியாது. இந்த வேலைக்குப் படிகாரமே மேல். எதைப் போட்டாலும் ஒட்டுத்தோலுக்கும் மூலத்தோலுக்கும் ஒரே பதம் கொடுங்கள். இரண்டு விதமாகச் சுருங்கும் தோல்களை எந்தத் தையலும் சேர்த்துப் பிடிக்காது.

கேள்வி: தாத்தா காலத்துக் காட்டெருமைத் தலை வீட்டில் இருக்கிறது. உதட்டிலும் கண்ணோரத்திலும் வெடித்து, பின்கழுத்துத் தையல் விலகியுள்ளது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம். (வாசகர், பொள்ளாச்சி)

எண்ணெயை உடனே நிறுத்துங்கள். காய்ந்த தோலுக்குள் அது இறங்காது. மேலே பிசுக்காக நின்று தூசியையும் தோல் வண்டையும் கூப்பிடும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதற்கு உரிமைச் சான்றிதழ் இருக்க வேண்டும். இருந்தால் பழுது பார்ப்பதற்கு முன் மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றாலும் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

அடுத்தது விஷம். அந்தக் காலத்தில் பூச்சி வராமல் இருக்கத் தோலின் உட்புறம் ஆர்செனிக் சோப்புப் பூசுவது வழக்கம். கண்ணோரத்திலும் தையலிலும் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதுவாக இருக்கலாம். என்95 முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள், துடைப்பத்தால் தட்டாதீர்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

வெடிப்புக்குக் காரணம் நம் பருவம். பங்குனி, சித்திரையில் தோல் வறண்டு சுருங்கும், ஐப்பசி மழையில் ஈரம் குடித்து இளகும். உள்ளே இருக்கும் மரமோ சுதையோ காகிதக்கூழோ அதோடு சேர்ந்து அசையாது. ஐம்பது, அறுபது வருடம் இப்படி இழுபட்ட தோல் வெடித்த இடத்தில் திரும்பச் சேராது. நனைத்து இழுத்து மூட முயன்றால் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். இடைவெளியை நிரப்புவதுதான் வழி. மெல்லிய பருத்தி இழைத்தாளைக் கீற்றாகக் கிழித்து, கோதுமைப் பசையில் தொட்டு, வெடிப்புக்குள் பல்குச்சியால் படிய வையுங்கள். காய்ந்ததும் நிறம் கலந்த மெழுகை மேலே நிரப்பித் துணியால் தேய்த்தால் உதட்டின் பளபளப்பு வரும். பின்னால் வருகிறவர் நல்ல முறையில் திருத்த நினைத்தால் மெழுகைச் சுரண்டி எடுத்துவிடலாம். எம்-சீல் போட்டால் தோலோடுதான் பெயர்ந்து வரும், பழைய உருப்படிக்கு அது வேண்டாம்.

பூச்சி இருந்தால் (கீழே பழுப்புத் தூளும் புழுச்சட்டையும் கொட்டியிருக்கும்) பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைக்க வேண்டும். எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கச் சுற்றியபடியே அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் தோலில் வேர்த்துவிடும்.

கேள்வி: சின்னக் கிழிசலுக்கு ஃபெவிக்விக் போதாதா? (வாசகர், தாராபுரம்)

போதாது. காய்ந்தால் கண்ணாடி போல விறைக்கும், தோல் சுருங்கும்போது பசை ஓரத்திலேயே புதிதாகக் கிழியும். அதன் ஆவி பட்டுச் சுற்றியுள்ள முடி வெள்ளையாகப் பூத்துவிடும், கருமுடியில் அது போகவே போகாது. பசையின் வேலை தோலை உருவத்தோடு பிடிப்பது, ஓரத்தை ஓரத்தோடு பிடிப்பது நூலின் வேலை.

கேள்வி: தோட்டத்தில் மின்கம்பியில் அடிபட்ட மயிலின் தோல், தோகை சேதமாகாமல் பாடம் செய்வது எப்படி? (வாசகர், பல்லடம்)

செய்யக் கூடாது. தானாகச் செத்த மயிலானாலும் உடல் அரசுக்குச் சொந்தம். தொடாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

கேள்வி: லாரியில் அடிபட்ட எங்கள் நாயின் தோலில் பாதி தார்ச்சாலையில் உரசிப் போய்விட்டது. இப்போது ஐஸ் பெட்டியில் இருக்கிறது. என்னங்க செய்யலாம்? (வாசகர், அவினாசி)

உரசிய தோலில் மேல்தோலும் முடிவேரும் போய் அடித்தோல் மட்டும் நிற்கும், அதில் முடி நிறுத்த வழியில்லை. பாதி உடம்புக்கு ஒட்டுப் போட இன்னொரு நாயின் தோல் வேண்டும். முகம் அப்போதும் உங்கள் நாயின் முகமாக வராது. எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் முழுசாக இருந்தால், சேதமான பக்கம் கீழே வரும்படி படுத்திருக்கும் உருவமாகச் செய்யலாம். தரையில் படும் பக்கத்துக்குத் தோலே தேவையில்லை. உறைந்த உடலைப் பாலிதீனில் இறுகச் சுற்றி, காதுகளையும் வாலையும் ஈரத் துணியால் மூடி வையுங்கள். ஐஸ் பெட்டியின் வறண்ட குளிரில் முதலில் காய்ந்து விறைப்பது அவைதான். உருக்கும்போது வெயிலில் வைக்காமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். வயிறு இளகிய உடனே உரிக்கத் தொடங்குங்கள், நடு உடம்பு கட்டியாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.